அந்த ஒரு சைட் மட்டும்

காலை எட்டரை மணிக்குப் போன் அடித்தபோது நான் ஒரு பிரிண்டரைக் குத்திக்கொண்டிருந்தேன். மிகைப்படுத்தவில்லை. பேப்பரைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரமாக வம்பு செய்த பிரிண்டர் அது. பொறுமை போய் முஷ்டியை மடக்கி அதன் தலையில் இரண்டு போடு போட்டிருந்தேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் என் கடை. கம்ப்யூட்டர் பழுது பார்க்க நிதானமான ஆள்தான் லாயக்கு என்பார்கள். எனக்கு நிதானம் கிடையாது. தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்த, என்னைப் பெற்ற அத்தாவுக்கும் கிடையாது. அவர் கை என் முதுகு மேல், என் கை மெஷின்கள் மேல் என்று காலம் ஓடிவிட்டது. மெஷின்கள் மேல் மட்டும்தான் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். கல்யாணமான மூன்றாம் வருடம் என் மனைவியை ஒரு தடவை கன்னத்தில் அறைந்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் விட்டால் மீதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

"அண்ணே, எல்லாச் சைட்டும் வருதுண்ணே. அது ஒண்ணு மட்டும் வர மாட்டேங்குது."

தாடிக்கொம்பு ரோட்டில் பூந்தோட்டத்துக்குள் இருக்கும் வீட்டுப் பெண் பேசினாள். அவள் புருஷன் டவுன் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரன். பத்து வருடப் பழக்கம். நான் அவனை மாப்ளே என்பேன், அவன் என்னை பாய் என்பான். அவன் வீட்டுக் கல்யாணத்தில் நான் பந்தி பரிமாறியிருக்கிறேன்.

"மோடத்த ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா. காலங்காத்தால உசுர வாங்காத" என்று கத்தினேன்.

"அஞ்சு தடவ பண்ணிட்டேண்ணே. பதினோரு மணிக்குப் பரீட்சை. இன்னிக்கு அது வரலைன்னா என் கதை முடிஞ்சதுண்ணே."

அவள் அழுதிருந்தால் நான் போயிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அழுகிற கஸ்டமர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. அவள் ரேஷன் கடையில் சீனி இல்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பிரிண்டரை அப்படியே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன்.

வேறொரு கம்ப்யூட்டரில் எழுதலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். பிரவுசிங் சென்டரில் எழுத விதி இல்லை. அறையில் அவள் மட்டும் இருக்க வேண்டும், கேமரா அவளையே பார்த்துக்கொண்டிருக்கும், போனில் எழுத முடியாது. என் லேப்டாப்போ கடையில் வயிறு திறந்து கிடந்தது. அடுத்தவன் மெஷினைச் சரி பண்ணுகிறவனின் மெஷின் என்றைக்கு ஒழுங்காக இருந்திருக்கிறது?

அடிக்கிற வீட்டை எனக்குப் பார்த்தவுடன் தெரியும். அப்படி ஒரு வீட்டில்தான் வளர்ந்தேன். அங்கே கண்ணாடிச் சாமானே இருக்காது, எல்லாம் எவர்சில்வராக இருக்கும். கம்ப்யூட்டர் இருந்த அறைக்கதவில் பழைய தாழ்ப்பாளைப் பிய்த்த இடத்தில் புதிதாக ஒரு பலகைத் துண்டு வைத்து ஆணி அடித்திருந்தது. கீபோர்டில் நாலைந்து கட்டைகள் இல்லை, அடியில் இருந்த ரப்பர் மட்டும் தெரிந்தது. அவள் நைட்டி மேல் துண்டு போட்டு இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை மூடியிருந்தாள். சித்திரை வெயிலில் யாரும் அப்படி மூட மாட்டார்கள்.

இந்தப் பரீட்சை தவறினால் அவளுக்கு என்ன போகும் என்பதை நின்றுகொண்டே சொன்னாள். அஞ்சல் வழியில் பி.காம். மூன்று வருடம் எழுதி முடித்துவிட்டாள், ஒரே ஒரு பேப்பர் பாக்கி. போன தடவை அந்தப் பேப்பரைத் தவறவிட்டாள். இந்தத் தடவையும் விட்டால் பதிவு காலாவதி. முதலிலிருந்து தொடங்க வேண்டும், வீட்டில் தொடங்க விடமாட்டார்கள். ஒட்டன்சத்திரத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், டிகிரி இருந்தால் மட்டும்.

"போன தடவ ஏன் விட்ட?"

"போன தடவையும் இதே சைட்டு வரலண்ணே."

நான் உட்கார்ந்தேன். செய்தித்தாள் வந்தது, வீடியோ வந்தது, ரயில் டிக்கெட் வந்தது. அவள் பல்கலைக்கழகத்தின் பரீட்சை சைட் மட்டும் வரவில்லை. வெள்ளைத் திரையில், இந்தத் தளத்தை அடைய முடியவில்லை என்று ஒரு வரி. பிரவுசரை மாற்றினேன், வரவில்லை. தேதி தப்பாக இருந்தால் சில சைட்கள் மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். தேதி சரியாக இருந்தது. பழைய குப்பையெல்லாம் துடைத்தேன், வரவில்லை. மோடத்தைக் கழற்றிவிட்டு என் போனிலிருந்து நெட் கொடுத்தேன். அப்போதும் வரவில்லை. ஆனால் அதே போனில், அதே நெட்டில், அந்தச் சைட் சிரித்துக்கொண்டு வந்து நின்றது.

கோளாறு நெட்டில் இல்லை, அந்தச் சைட்டிலும் இல்லை, இந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று அப்போது தெரிந்துவிட்டது. மணி பத்தேகால். கோபத்தில் சி.பி.யு.வைக் காலால் ஒரு உதை விட்டேன். அவள் திடுக்கிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். உதை மெஷினுக்குத்தான் என்று தெரிந்தும் அவள் கை தானாக முகத்துக்கு முன்னால் போயிருந்தது. எனக்கு வெட்கமாகிவிட்டது.

"போன தடவ நான்தாண்ணே ஆத்தாமாட்டாம அந்த மானிட்டரக் குத்திட்டேன்" என்றாள். "கண்ணாடி விரிஞ்சுபோச்சு. அதுக்கு அவரு வந்து..." அதோடு நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மானிட்டரை மாற்றியவனே நான்தான். ஆறு மாசம் முன்னால் புது மானிட்டரைத் தூக்கிக்கொண்டு இதே அறைக்கு வந்தேன். அவள் உதடு வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. என்னம்மா ஆச்சு என்று நான் கேட்கவில்லை. பிளக் பாயிண்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். ஒரு சைட் வரமாட்டேன் என்கிறது என்று அன்றும் சொன்னாள். "ரெண்டு நாள்ல தன்னால வந்துரும்" என்று சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனேன்.

அந்தச் சைட்டின் பெயரைச் சொல்லி, இது எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டரிடமே கேட்கிற கட்டளை ஒன்று உண்டு. அதை அடித்தேன். பதில் வந்தது: இங்கேதான், எனக்குள்ளேதான். மெஷின் சைட்டைத் தேடி வெளியே போகவே இல்லை, தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. இது தானாக வருகிற நோய் இல்லை. கம்ப்யூட்டருக்குள் சின்னதாக ஒரு ஃபைல் இருக்கும், வீட்டு நாள்காட்டிக்குப் பின்னால் எழுதி வைத்த போன் நம்பர் மாதிரி. மெஷின் வெளியே விசாரிப்பதற்கு முன் அதைத்தான் பார்க்கும். அதில் யாராவது தப்பு விலாசம் எழுதி வைத்துவிட்டால் ஆயுசுக்கும் அந்தச் சைட் வராது. மற்ற எல்லாம் வரும்.

"எவனோ வேணும்னே பண்ணிருக்கான்" என்று கத்தினேன். "எந்தத் தேவிடியாப் பய..." பெண்பிள்ளை நிற்கிறாள் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு ஃபைலைத் திறந்தேன்.

உள்ளே இரண்டே வரி. கீழ் வரியில் அவள் பரீட்சை சைட்டின் முகவரி. மேல் வரியில் 786.

எங்கள் ஆட்கள் எதை எழுத ஆரம்பித்தாலும் அல்லாவின் பெயருக்கு ஈடாக மேலே 786 என்று போடுவார்கள். கடிதம், கணக்கு, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும், நீங்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. எனக்கு அது கைப்பழக்கம். ஒரு ஃபைலைத் திறந்து ஒரு எழுத்து மாற்றினாலும் மேலே அதைத் தட்டாமல் விரல் நகராது. பூந்தோட்டத்து வீட்டில், முருகன் படத்துக்குக் கீழே இருக்கிற கம்ப்யூட்டரில், 786 போட்டு வேறு யார் எழுதியிருக்க முடியும்? நான் நல்ல காரியம் தொடங்குகிற மாதிரி அல்லாவின் பெயரை மேலே போட்டுவிட்டு, கீழே அவள் கழுத்தை அறுத்திருந்தேன்.

அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது. எட்டு மாசம் முன்னால் தூசி துடைக்கவென்று சி.பி.யு.வைக் கடைக்குக் கொண்டுவந்தான் மாப்பிள்ளை. உளுந்த வடை வாங்கி வந்திருந்தான். "பாய், ஒரு சைட்ட மட்டும் வராமப் பண்ண முடியுமா? வேற எல்லாம் வரணும். நான்தான் பண்ணச் சொன்னேன்னு தெரியக் கூடாது. மெஷின் கோளாறு மாதிரி இருக்கணும்" என்றான். வீட்டில் அவள் பொழுதன்னைக்கும் அதிலேயே கிடக்கிறாள் என்றான். சீட்டாட்ட சைட், கிரிக்கெட் சைட் என்று மார்க்கெட்டில் எத்தனையோ கடைக்கு நான் செய்துகொடுத்த வேலைதான். துண்டுச்சீட்டில் எழுதி வந்திருந்த முகவரியைப் பார்த்து அடித்தேன். அது என்ன சைட் என்று வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. என் வாயில் வடை இருந்தது.

அவள் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாசம் நான் கொடுத்த பில் மேஜை மேலேயே கிடந்தது, மேலே பெரிதாக அதே எண் அச்சடித்து. அவள் கண் திரைக்குப் போனது, பில்லுக்கு வந்தது, மறுபடி திரைக்குப் போனது. அவள் என்னை அறைவாள் என்று எதிர்பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அறைந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்களாண்ணே?"

தலையை ஆட்டினேன்.

"அவரு சொல்லியா?"

அதற்கும் ஆட்டினேன்.

"அத எடுங்க" என்றாள். "மணி பத்து நாப்பது."

அழித்தேன். சைட் உடனே வந்தது. அம்புட்டுதான் வேலை. ஒரு வரியை அழிக்க ஒரு நொடி ஆகவில்லை. அவள் முகம் கழுவிச் சேலை மாற்றி வந்து உட்கார்ந்தாள். "உள்ள யாரும் வரக் கூடாது. வேற ஆள் குரல் கேட்டாக்கூடப் பரீட்சை ரத்தாயிரும். நீங்க வெளிய இருந்து பாத்துக்கங்க" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள்தான் இல்லையே. நான் வாசல் படியில் உட்கார்ந்தேன்.

ஒரு மணி வரை பரீட்சை. மார்க்கெட் முடிந்து மாப்பிள்ளை வர இரண்டாகும் என்பது கணக்கு. பன்னிரண்டேகாலுக்கே அவன் வண்டி வந்து நின்றது. போன தடவையும் பரீட்சையன்று அவன் வீட்டுக்கு வந்திருக்கிறான் என்பது, அவள் பாதியில் நிறுத்திய பேச்சிலிருந்து அப்போதுதான் எனக்கு உறைத்தது. சைட் வராமல் அவள் தவிப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வந்திருக்கிறான்.

"என்ன பாய், இங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்தான். கதவுக்குப் பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டதும் சிரிப்பு நின்றது.

இங்கேதான் என் புத்தி போன போக்கைச் சொல்ல வேண்டும். "சத்தம் போடாத மாப்ளே, குரல் கேட்டா அவ பரீட்சை ரத்தாயிரும்" என்று அவன் காதில் மெதுவாகச் சொன்னேன். கெஞ்சுவதாக நினைத்துக்கொண்டு அரிவாளை எடுத்து அவன் கையில் கொடுத்திருக்கிறேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு மூச்சை இழுத்து வாயைத் திறந்தான்.

பாய்ந்து அவன் வாயைப் பொத்தினேன். என் இடது உள்ளங்கையைக் கடித்தான், சதைக்குள் பல் இறங்குகிற அளவுக்கு. நான் கத்தக் கூடாது. என் குரலும் குரல்தான். பல்லைக் கடித்துக்கொண்டு வலது முழங்கையால் அவன் விலாவில் இடித்தேன். அவன் என் தாடையில் குத்தினான். படியிலிருந்து இரண்டு பேரும் உருண்டோம். வாசலில் அடுக்கியிருந்த காலிப் பூக்கூடைகள் சரிந்தன. விழுந்தது ஓலைக்கூடையாக இருந்ததால் பெரிய சத்தம் வரவில்லை. படியோரம் இருந்த எவர்சில்வர் குடத்தைச் சத்தம் வர உதைக்க அவன் காலை நீட்டினான், நான் குடத்துக்கும் அவன் காலுக்கும் நடுவே என் வயிற்றைக் கொடுத்தேன். அந்த உதையில் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், எல்லாம் வாய்ச்சத்தத்தோடு. சத்தமில்லாமல் அடித்துக்கொள்வது வேறு. அடுத்தவன் எலும்பில் என் எலும்பு படுவது எனக்கே கேட்டது. உள்ளே கீபோர்டு ஒரு நொடி நின்றது, பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது.

தோட்டத்துக்கு நடுவே போர்க்குழாய்க்குக் கம்ப்ரஸர் வைத்த அறை ஒன்று உண்டு. அவன் கழுத்தை என் கக்கத்தில் மடக்கி, வாயைப் பொத்திய கையை எடுக்காமல், மல்லிகைச் செடிகளுக்கு நடுவே அங்கே இழுத்துப் போனேன். உள்ளே தள்ளிக் கதவைத் தாழிட்டு ஸ்டார்ட்டரைப் போட்டேன். தடதடவென்று அறையே அதிர்ந்தது. அப்புறம்தான் கையை எடுத்தேன்.

"ஏலே, என் வீட்டுக்குள்ள வந்து என் பொண்டாட்டிக்கு நீ காவலா?" என்று அவன் அலறினான். எனக்கே பாதிதான் கேட்டது. "அவ அக்காக்காரியும் இப்பிடித்தான் படிச்சா, வேலைக்குப் போனா, புருஷன விட்டுட்டுப் போயிட்டா. இவளும் போயிருவா. உனக்கு என்னடா தெரியும்?"

அதைச் சொல்லும்போது அவன் நிஜமாகவே பயந்திருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை. மூக்கில் குத்தினேன். அவன் ஸ்பேனரை எடுத்து என் தோளில் அடித்தான், நான் அதைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தேன். ஆள் கீழே விழுந்த பிறகும் இரண்டு முறை உதைத்தேன். அந்த இரண்டு உதையும் அவளுக்காக இல்லை. எட்டு மாசம் முன்னால் வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்த ஒருவனை நான் உதைத்துக்கொண்டிருந்தேன், அவன் கைக்கு அகப்படவில்லை, இவன் அகப்பட்டான். அரை மணி நேரத்துக்கு மேல் நாங்கள் மாற்றி மாற்றி அடித்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்து, மறுபடி அடித்துக்கொண்டோம்.

ஒன்று ஐந்துக்கு வெளியிலிருந்து கதவைத் தட்டினாள். ஸ்டார்ட்டரை அணைத்தேன்.

"முடிச்சிட்டேன்" என்றாள். "வெளிய வாங்க ரெண்டு பேரும்."

வெயில் கண்ணைக் குத்தியது. மாப்பிள்ளை மூக்கிலிருந்து ரத்தம் வழிய வரப்பில் உட்கார்ந்துவிட்டான். எனக்கு ஒரு பல் ஆடியது. இடது கையில் கைக்குட்டையைச் சுற்றினேன். மனசுக்குள் எனக்கு ஒரு பெருமை வந்திருந்தது, மறைப்பானேன். ஒரு பெண்ணுக்காக அடி வாங்கியிருக்கிறேன், பழைய பாவம் கழிந்தது என்று தோன்றியது. அவள் ஏதாவது நல்ல வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன்.

அவள் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என்னிடம் நீட்டினாள்.

"எழுதிக் குடுங்கண்ணே. அவரு சொல்லி நீங்க என்ன பண்ணீங்களோ அத அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"எதுக்கும்மா?"

"நான் இன்னிக்குச் சாயந்திரம் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன். போன தடவ அடி வாங்கிட்டுப் போனப்ப, மெஷின் ரிப்பேருக்குப் புருஷன் என்ன செய்வாரு, நீதான மானிட்டர உடைச்சேன்னு சொல்லி எங்கண்ணனே திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாரு. போலீஸ் ஸ்டேஷன்லயும் அதத்தான் கேப்பாங்க. நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீங்க எழுதுனா நம்புவாங்க."

தாளைப் பார்த்தேன். மார்க்கெட் ஞாபகம் வந்தது. கமிஷன் கடைகளில் பாதி என்னை நம்பித்தான் ஓடுகிறது. இன்னொருவன் சொல்லி நான் செய்த வேலையை எழுதிக் கொடுத்தேன் என்று தெரிந்தால் ஒருவனும் என்னைப் படியேற விடமாட்டான். ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. அங்கே என் பெயரைப் பார்த்ததும் என்ன கேட்பார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. கொஞ்ச நேரம் முன்னால் ஸ்பேனர் அடியை வாங்கிக்கொண்டு நின்ற நான், இப்போது பேனாவை வாங்கக் கையை நீட்டவில்லை.

"கை இப்படி இருக்கும்மா" என்று கைக்குட்டையைக் காட்டினேன். "எழுத வராது. நாளைக்கு வாரேன்."

"அவரு கடிச்சது இடது கையிலண்ணே" என்றாள்.

பேனாவை வாங்கினேன். வலது கையால், தாளை வண்டி சீட்டில் வைத்து எழுதினேன். கம்ப்யூட்டரில் ஏற்பட்ட கோளாறு இன்று சரி செய்யப்பட்டது என்று எழுதினேன். கையெழுத்தும் போட்டேன், அழகாக வந்தது. அவள் வாங்கி ஒரு முறை படித்தாள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், தாளை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள்.

வரப்பில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை ரத்தத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். "உக்காரு பாய்" என்றான், பழையபடி. "செத்த நேரம் இருந்து டீ குடிச்சிட்டுப் போ."